உன் பெரியப்பாவின் கழுத்து

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போல உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்தேன். வலது கை விரல்கள் மூன்று மாதமாக மரத்துப்போகின்றன, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, விசா புதுப்பிக்க மெடிக்கல் வருகிறது, அதனால் கம்பெனி டாக்டரிடம் சொல்லவில்லை, கேம்பில் ஒரு பாகிஸ்தான் பட்டாணிக்காரன் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துவிடுகிறான், எடுத்தால் இரண்டு நாள் சுகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்தி. அதன் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. பெரியப்பா மேல் விழுந்த மாதிரி என் மேல் சாக்கு எதுவும் விழவில்லை, பயப்படாதீர்கள் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும். மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவனுக்குத் தமிழில் கடிதம் எழுதுவது கொடுமைதான். ஆனால் எனக்கு மலையாளத்தில் வியாபாரம் பேச வரும், சண்டை போட வரும், பொய் சொல்லக்கூட வரும். மனதில் கிடப்பதை எழுத மட்டும் வராது. புரியாத இடத்தைப் பக்கத்துக் கட்டில்காரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இரண்டு தடவை படி, புரியும். உனக்கு முப்பது ஆகப்போகிறது. பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது இது. உன் பெரியப்பா மேல் எந்தச் சாக்கும் விழவில்லை.

உன் பெரியப்பா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். தென்காசிப் பக்கமிருந்து முதலில் இங்கே மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது அவர்தான். பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். பஜாரில் மிளகும் சுக்கும் சுமந்து என்னை ஆளாக்கி, எனக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டு, தனக்கு மட்டும் செய்துகொள்ளாமல் விட்டுவிட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் மூலையில் இருந்த நெல் மூட்டையின் எடையைச் சொல்லிவிட்டு வந்த மனுஷன் என்று உன் அம்மா அவரைக் கிண்டல் செய்வாள். அவரும் மறுத்ததில்லை. மூட்டை சரியாகத்தான் கட்டியிருந்தார்கள் என்பார். மூட்டை ஏற்றி இறக்குகிற யார்டில் மலையாளிகள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு சாக்கைக்கூட அவர் நழுவ விட்டதில்லை என்று பேர்.

மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரனுக்கு முதுகுவலிக்கு என்ன வைத்தியம் என்று உனக்குத் தெரியும். நீயும் ஆறு வருஷம் அங்கே நின்றவன். சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, கையோடு கை கோத்து, ஒருவன் குனிந்து மற்றவனைத் தூக்குவான். மேலே கிடப்பவன் முதுகெலும்பு மடமடவென்று சத்தம் போடும். பிறகு இவன் அவனைத் தூக்குவான். தினமும் நானும் அண்ணனும்தான் ஜோடி. சத்தம் கேட்டால் வலி போய்விட்டது என்று அர்த்தம், கேட்காவிட்டால் இன்னொரு தடவை. எங்களுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நம்பியே எங்கள் காலம் ஓடியது. அதனால்தான் நீ எழுதிய பட்டாணிக்காரனை எனக்கு நேரில் பார்த்ததுபோல் தெரிகிறது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், இடவப்பாதி மழை. உன் கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? நான்தான் அண்ணனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஏறியிருக்க வேண்டும். அன்று தலைவலி என்று படுத்துவிட்டேன், அவர் ஏறினார். பாசியில் கால் வழுக்கி, துவைக்கிற கல்லின் ஓரத்தில் பிடரி பட விழுந்தார். நீ அப்போது பந்து விளையாடப் போயிருந்தாய், அம்மா ரேஷன் கடையில். எழுந்து உட்கார்ந்து, சிரித்து, ஒன்றுமில்லை என்றார். நானும் அதை உடனே நம்பிவிட்டேன், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரு வாரத்தில் அவர் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. சாக்கைப் பிடிக்கிற கொக்கி கையிலிருந்து நழுவியது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். உன் கடிதத்தில் அதே பொத்தானைப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்பாய். யார்டின் வழக்கத்தை நினைத்துப் பார். அறுபது வயது வரை நின்று சுமந்துவிட்டு இறங்குகிறவன், தன் இடத்துக்குத் தன் வீட்டுப் பையன் ஒருவனைச் சொல்லலாம். வேலையில் அடிபட்டாலும் சொல்லலாம். ஆனால் வேலைக்கு வெளியே ஏதாவது ஆகி, இவன் சுமக்க லாயக்கில்லை என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் இடம் சங்கத்துக்குப் போய்விடும், வரிசையில் நிற்கிற அடுத்தவனுக்குக் கிடைக்கும். எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறாத சட்டம். அண்ணனுக்கு அறுபது ஆக இன்னும் பத்து மாதம் இருந்தது. நீ பத்தாவதில் இரண்டு தடவை தோற்றுவிட்டு படகுத்துறை ஜெட்டியில் கப்பல் எண்ணிக்கொண்டிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, நான் உன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை உனக்கு வாங்கித்தர வேண்டும் என்பது தவிர எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது வேறு நினைப்பு இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு எழுதுவார்கள். சீட்டு எழுதாத ஆள் ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார். ஜெட்டிக்குப் போகும் வழியில் கயிற்றுக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. பலகையில் கைரோபிராக்டர் என்று ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் கப்பல் டாக்டர் என்றார்கள். கப்பலில் சமையல் வேலைக்குப் போய், அமெரிக்காவில் இறங்கி, அங்கே இந்த வித்தையை முறையாகப் படித்துவிட்டுத் திரும்பியவராம். மருந்தில்லை, எண்ணெயில்லை. உயரமான ஒரு மேசையில் படுக்க வைத்து, முதுகெலும்பைக் கையால் தடவிப் பார்த்து, பிசகிய இடத்தில் ஒரு அழுத்து, ஒரு திருப்பு. எங்களோடு சுமந்த அந்தோணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போய் நிமிர்ந்து நடந்து வந்தான். நாம் முதுகில் தூக்கிச் செய்வதைத்தான் அந்த ஆள் படித்துவிட்டுச் செய்கிறான் என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் போனோம். பள்ளிவாசல் தொழுகை நேரம், தெருவில் பாதிக் கடை அடைத்துக் கிடந்தது, யார்டிலும் ஆள் இல்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று நான்தான் அந்த நேரத்தைச் சொல்லியிருந்தேன். அண்ணனால் நடந்து திரும்ப முடியுமோ என்று அந்தோணி உந்துவண்டியைக் கொண்டுவந்து கீழே நிறுத்தியிருந்தான். கப்பல் டாக்டர் வெள்ளைச் சட்டை போட்ட, மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனுஷர். அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, விரல்களைக் குத்திப் பார்த்து, முழங்காலில் தட்டிப் பார்த்து, முகம் சுருக்கினார். நான் எதிர்பார்த்தது திருப்பு. அவர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"எவிடெயெங்கிலும் வீணோ, சேட்டா?" எங்கேயாவது விழுந்தீர்களா என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் "இல்ல, வீணில்ல", விழவில்லை என்று முந்திக்கொண்டேன். கயிற்றுக் கடைக்காரர் சங்கத்துக் கன்வீனருக்கு மச்சினன். மேலே பேசுவது சாயங்காலத்துக்குள் சாயாக்கடைக்குப் போய்விடும் என்பது என் பயம். எக்ஸ்ரே எடுத்தீர்களா என்றார். எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றேன். படத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள், கழுத்து விஷயம், பார்க்காமல் தொடமாட்டேன் என்றார். மழையில் நனைந்து வீணாகிவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டு வெறும் பிடிப்பு என்று சொன்னார் என்று மூன்றாவது பொய்யையும் சொன்னேன். அவர் அண்ணனிடம் திரும்பி, அப்படித்தானா என்று இன்னொரு தடவை கேட்டார். உன் பெரியப்பா தலையை ஆட்டினார். அந்தத் தலை அசைந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த மாடியை விட்டு இறங்கின பிறகு ஒன்றைப் பார்த்தேன். கயிற்றுக் கடையும் அடைத்திருந்தது. கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அதைக் கேட்டுப் போய்ச் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அண்ணனை மேசையில் படுக்க வைத்து, கப்பல் டாக்டர் கழுத்தைத் திருப்பியபோது சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறகு அண்ணனின் கை மேசையிலிருந்து நழுவித் தொங்கியது. எடுத்து வைத்தேன், மறுபடி நழுவியது. கால் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். கப்பல் டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் ஓடவில்லை. உள்ளே போய்த் தன் கட்டில் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தார், கழுத்தின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தார், அசையாமல் பிடித்துக்கொண்டு எங்களோடு படி இறங்கினார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மெதுவாகப் போங்கள், கழுத்து அசையக் கூடாது, நானும் வருகிறேன், நடந்ததை நானே சொல்கிறேன் என்றார். அந்தக் கடைவாசலிலிருந்து இடப்பக்கம் போனால் ஆஸ்பத்திரி, பத்து நிமிஷம். வலப்பக்கம் போனால் யார்டு.

வண்டியில் கிடந்தபடி அண்ணன் பேசினார். குரல் தெளிவாக இருந்தது. "எலே, ஆஸ்பத்திரிக்குப் பொறவு போவலாம். மொதல்ல யார்டுக்குக் கொண்டு போ. மூட்டை அட்டிக்குக் கீழ கெடத்து."

அந்தோணி என்னைப் பார்த்தான். கப்பல் டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது புரிந்தது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். அவர் கையைத் தட்டிவிட்டேன். இங்கே நீங்கள் எங்களைப் பார்க்கவே இல்லை, அதுதான் உங்களுக்கும் நல்லது என்றேன். அது மிரட்டல்தான். வலப்பக்கம் தள்ளினேன். சொன்னது அண்ணன், தள்ளியது நான். மழை அரித்த கல் ரோடு, இரும்புப் பட்டை போட்ட சக்கரம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். யார்டில் சுக்கு அடுக்கியிருந்த அட்டியின் ஓரத்தில் அவரை இறக்கி, பலகையை உருவி, மேலிருந்து இரண்டு சாக்கைச் சரித்துப் பக்கத்தில் தள்ளினோம். பிறகு அந்தோணி வெளியே ஓடிக் கத்தினான். தொழுகை முடிந்து வந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் ஓடி வந்தாய். சாக்கைப் பிடித்து ஆத்திரத்தோடு தூக்கி எறிந்தாய். உனக்கு ஞாபகம் இருப்பது அந்த இடத்திலிருந்துதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருந்த மாதிரி இருக்கிறதே, முன்பு எங்கேயாவது விழுந்தாரா என்று கேட்டார். இரண்டாவது மனுஷரும் அதே கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். சாக்கு விழுந்தது என்றேன். கழுத்தைத் திருப்பினார்கள் என்றும் சொல்லவில்லை, கல் ரோட்டில் வண்டி தள்ளினேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கம் திரும்பியிருந்தால் கையாவது மிஞ்சியிருக்குமா என்றும் தெரியாது. யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள்.

அடுத்த ஏழு மாதம் உனக்கே தெரியும். அவருக்கு உணர்வு மிஞ்சியது முகத்தில் மட்டும்தான். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால் அதை விரட்ட ஒரு ஆள் வேண்டும். முதுகு புண்ணாகி வீடெல்லாம் வாடை அடித்தது. நீதான் அவரைத் திருப்பிப் போட்டாய், துடைத்தாய், முகம் சுளிக்காமல் செய்தாய். உன்னைத் திட்டியதற்கெல்லாம் எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. மூன்றாவது மாதம் சங்கத்தில் கூடிப் பேசி, அண்ணாச்சி வேலையில் அடிபட்டவர் என்று அவர் இடத்தை உனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் யார்டு ஆட்களின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாய். அவர் உன்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, தோள் தைத்தது சரியில்லை, பிரித்துத் தைக்கச் சொல்லு என்றார். நீ சிரித்தாய். நான் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன்.

கப்பல் டாக்டர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். நீ வேலைக்குப் போயிருந்தாய். சங்கத்து ஆள் யாரோ பார்க்க வந்திருக்கிறார் என்று உன் அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள். அண்ணன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார், அந்த எக்ஸ்ரே உண்மையிலேயே எடுத்தீர்களா என்று. நான் தரையைப் பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதமே பலகையைக் கழற்றிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னார்கள். ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே அவர் எங்கேயோ வாழ்ந்துகொண்டிருப்பார். அவருக்கும் நான் செய்தது அதுதான்.

அன்று அவர் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. முகட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளு நல்லாத்தாம்லே கேட்டான்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

உனக்காகத்தான் இவ்வளவும் என்று உன் தலையில் ஏற்றிவைக்க நான் இதை எழுதவில்லை. உன்னை யாரும் கேட்கவில்லை. நீ பந்து விளையாடிக்கொண்டிருந்தாய். முடிவு செய்தது நாங்கள் இரண்டு கிழட்டு முட்டாள்கள். அவர் தன் கழுத்தைக் கொடுத்தார், நான் அவர் கழுத்தைக் கொடுத்தேன், இரண்டும் ஒன்றாகாது. அந்தோணி போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி இதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் சொல்லாமல் போனால் உனக்குச் சாக்கு விழுந்த கதைதான் மிஞ்சும். அந்தக் கதையை நம்பிக்கொண்டு, எனக்கு எதுவும் விழவில்லையே என்று அந்தப் பட்டாணிக்காரன் கையில் தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பாய்.

இனி அவனைக் கழுத்தைத் தொட விடாதே. மெடிக்கலுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே கம்பெனி டாக்டரிடம் போ. எப்போதிலிருந்து, எந்த விரல், கேம்பில் யார் திருப்பினான், எத்தனை தடவை, கட்டட வேலையில் எங்கேயாவது விழுந்தாயா, எல்லாவற்றையும் சொல்லு. கேட்டால் சொல்லு, கேட்காவிட்டாலும் சொல்லு. விசா போனால் போகட்டும். ஊருக்கு வந்தால் என்ன செய்வது என்று யோசிப்பாய். நான் இன்னும் சாக்குக் கடையில் கணக்குப்பிள்ளைக்குக் கூடமாட நிற்கிறேன், உன் அம்மா சுக்கு பொறுக்கப் போகிறாள், கஞ்சிக்குக் குறைவில்லை. உன் கட்டிலுக்கு மேலே ஓடு போன வருஷமே மாற்றியாயிற்று. கூலிக்கு ஆள் வைத்து மாற்றினேன்.

விட்டுவிட்ட அந்தப் பத்தியை நேற்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு மற்றதையும் சொன்னேன், ஓடு, மாடி அறை, வண்டி எல்லாம். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தவளுக்கும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறேன். அவள் அழவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ராத்திரி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியை எந்தப் பக்கம் திருப்பினீங்கன்னு எளுதியாச்சா?" என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன் என்றேன்.

"அப்ப ஒட்டுங்க. நானே கொண்டுபோய்ப் பெட்டியில போடுதேன்."